அவனுக்கும் அவளுக்கும் மட்டும் ஒரு ‘ஸ்’

பங்களாவின் பின்படியில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை நாயோடு இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தாள். கையெழுத்து வாங்க வேண்டிய கடிதங்களோடு சமையற்கட்டுப் பக்கமாக வந்த நான், பேசுவது துரைசாணி என்று நினைத்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றேன். குரல் அப்படி இருந்தது. எட்டிப் பார்த்தால் ஆயாவின் மகள். பத்து வயதிருக்கும். துரையின் கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கத் தன் அம்மாவுடன் தினமும் பங்களாவுக்கு வந்து போகிறவள்.

“கம் ஹியர், ஓல்ட் கேர்ள்” என்றாள். துரையின் பழுப்பு நாய் எழுந்து வந்தது. “சிட்” என்றாள். உட்கார்ந்தது. “குட் கேர்ள்” என்று அதன் காதைத் தடவிக்கொடுத்தாள்.

துரை பேசுவதும் இதேதான், இதே இழுவைதான். ‘ஹியர்’ என்ற சொல்லின் வாலை அவள் வாய்க்குள்ளேயே மெல்ல விட்டுவிட்ட விதம் என் வயிற்றில் நெருப்பை வைத்தது. அந்தச் சொல்லை நான் பன்னிரண்டு வருடமாகக் கடிதங்களில் எழுதிவந்தவன். சொல்லச் சொன்னால் கடைசி எழுத்தை உருட்டு உருட்டென்று உருட்டித்தான் எனக்கு வரும்.

“யாரு ஒனக்கு இதச் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “எதுங்கய்யா?”

“இப்பப் பேசினியே, அது.”

“அது சும்மா நாய்கிட்டப் பேசுறதுங்க. அதுக்குத் தமிழ் தெரியாதுல்ல.”

கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னாள்.

அப்போது ரயில் பாதை பண்டாரவளையோடு முடிந்தது, பதுளை வரை வரவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்கு மேலே, மாட்டு வண்டியில் போனால் அரைநாள் பிடிக்கும். நான் அங்கே பெரிய கிளாக்கர். என் தகப்பனார் கங்காணியாக இருந்தவர். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன மனிதர், மகன் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று என்னைப் பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே இங்கிலீஷ் இலக்கணத்தைத் தலைகீழாகப் படித்தேன். வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கொழும்புக்குப் போகிற கடிதங்களை நான் எழுதித் துரை கையெழுத்துப் போடுவார். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார்.

ஆனால் வாய் திறந்து பேச வராது. “யெஸ் சார்”, “வெரி வெல் சார்” இந்த இரண்டோடு என் பேச்சு முடிந்துவிடும். துரை அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்து, அழகாக எழுதிக்கொண்டு போவேன். துரைக்கு அது பழகிவிட்டது. அவர் அதை என் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது எழுத்தே தெரியாத ஒரு சிறுமி, நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இதைப் பிடித்துவிட்டாளே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று குறுக்குப் பாதையில் கொழுந்து மலை வழியாக இறங்கும்போது, சுற்றிலும் யாரும் இல்லை என்று நினைத்து, “கம் ஹியர்” என்று அவளைப் போலச் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் சொன்னேன். மேல் நிரையிலிருந்து கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி, “ஏ அக்கா, கிளாக்கரய்யா தேயிலச் செடியோட சண்ட போட்டுக்கிட்டுப் போறாருடி” என்று சொன்னதும் நாலைந்து பேர் சிரித்ததும் காதில் விழுந்தது.

எனக்கு ஒரே மகள். பதினொரு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்பது, பிள்ளைக்காம்பராவில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு மலைக்குப் போவார்களே, அதற்கு ஒட்டிப் போட்ட ஒரு தகரக் கொட்டகை. மூன்றாம் வகுப்புவரை தமிழ். அதை அவள் முடித்துவிட்டாள். அதற்கு மேல் படிக்கவேண்டுமென்றால் பதுளையில் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில்தான் சேர்க்க வேண்டும். என் சம்பளம் அதற்கு இடம் தராது. பூனாகலையில் இருந்த என் மனைவியின் அண்ணன், “பொண்ணு வீட்டோட இருக்கட்டும், ரெண்டு வருஷத்துல நம்ம பையனுக்கே முடிச்சிரலாம்” என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார். அது நடக்கக் கூடாது என்று நான் முடிவாக இருந்தேன்.

அந்தப் பின்படியைப் பார்த்த வாரமே மகளுக்கு இங்கிலீஷ் தொடங்கினேன். பாடப் புத்தகம் கிடையாது. பழைய கடித நகல் புத்தகம் ஒன்றை ஆபீசிலிருந்து கொண்டுவந்தேன். அதிலிருந்தே எழுதவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். நடுநடுவே இலக்கணம். அவள் கெட்டிக்காரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடர்ந்து வழுக்கினாள்.

‘அவனுக்குத் தெரியும்’ என்பதற்கு, “ஹீ நோ” என்பாள்.

“என்னத்த விட்டுட்ட?”

“ஸ்.”

“எப்ப வரும்?”

“அவனுக்கும் அவளுக்கும் மட்டும் ஒரு ஸ்.”

“எனக்கும் ஒனக்கும்?”

“கெடையாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஏம்ப்பா அவங்களுக்கு மட்டும்?” என்று கேட்டாள்.

எந்த இலக்கணப் புத்தகத்திலும் அதற்குக் காரணம் எழுதியிருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல மனம் வராமல், “நம்மகூட இருந்து பேசாதவங்க அவங்க. முன்னால இல்லாதவங்களுக்கு ஒரு அடையாளம் வேணுமில்ல? அதுக்குத்தான்” என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பிழை விடவில்லை.

என் மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். “ஏங்க, இது ஆபீசா வீடா? அந்தப் புள்ள நேத்து என்கிட்ட வந்து, ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ன்னு தமிழ்லயே சொல்லுது.”

“ஒனக்கு என்னா தெரியும்?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆயா மக சும்மா ஓடியாடிப் பேசுதாம். நம்ம புள்ள நாக்காலியில ஒக்காந்துதான் பேசும்போல.”

ஆயா மகள் என்ற பேச்சை எடுத்தாலே நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவேன்.

சில மாதம் கழித்துத் துரைக்கு ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் பிரிப்பது நான்தான். பதுளைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலமாகப் படிப்பிக்கும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஒருவர் எழுதியிருந்தார். தன்னிடம் நாலு வருடம் இலக்கணம் படித்த பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை என்பதை அண்மையில் கவனித்ததாகவும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் உண்மையில் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று ஆராய்வதற்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் இரண்டொரு சொல் தெரிந்த பிள்ளைகளைக் கேட்டு எழுதிவருவதாகவும் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி. இந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையை இலவசமாக விடுதியில் சேர்த்துக்கொள்வார்.

ஒரு பிள்ளை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மகளிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன். வேறு யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆனால் துரைசாணி அதை ஆயாவிடம் சொல்லிவிட்டார்.

மிஸ்ஸியம்மா வருவதற்கு இரண்டு நாள் முன்பு, மாலைப் பெரட்டு முடிந்து எல்லாரும் லயத்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், ஆயா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மகளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியிருந்தாள்.

“கிளாக்கரய்யா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். எம் புள்ளயும் மிஸ்ஸி முன்னால நிக்கட்டும்னு தொரைசாணி சொல்லிட்டாங்க. இதுக்கு எழுத்து தெரியாது. என்னமோ வாயில வருது, அத எங்க வச்சுப் பேசணும், எப்பிடிப் பேசணும்னு எனக்கா தெரியும்? நீங்கதான் கேட்டுப் பாத்து, சரியா தப்பான்னு ஒரு வார்த்த சொல்லணும்.”

எனக்கு முதலில் வந்தது பயம். அப்புறம்தான் கெட்ட யோசனை.

“மிஸ்ஸியம்மா வந்தா என்னா சொல்லுவ?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அவள் நிமிர்ந்து, தயங்காமல், அதே வாலிழுத்த குரலில், “கம் ஹியர், ஓல்ட் கேர்ள். சிட். குட் கேர்ள்” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “இது அம்மாமாருக்கும் சொல்லலாமுங்களா, நாய்க்கு மட்டுந்தானுங்களா?”

பாருங்கள், கேட்டுவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘குட் மார்னிங் மேடம்’ என்று இரண்டு சொல் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு ஒரு சாக்கும் கையில் கிடைத்தது. துரை ஒருமுறை நல்ல மனநிலையில் துரைசாணியையே ‘ஓல்ட் கேர்ள்’ என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்து, முதல் சொல்லுக்குக் ‘கிழ’, இரண்டாவதற்குச் ‘சிறுமி’ என்று கண்டு, ‘கிழச் சிறுமி’யில் என்ன பொருள் இருக்கிறது என்று நெடுநேரம் குழம்பியிருக்கிறேன். ஆக, அது நாய்க்கு மட்டும் உரியது என்று நான் எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ‘சிட்’ என்பதும் ‘குட் கேர்ள்’ என்பதும் யாருக்குச் சொல்வது என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

“சரியாத்தான் இருக்கு. அப்பிடியே சொல்லு” என்றேன்.

ஆயா குனிந்து கும்பிட்டாள். “நல்லாருக்கணும் சாமி. ஒங்க புள்ளயும் நல்லாருக்கணும்.”

மிஸ்ஸியம்மா மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். நரைத்த தலை, ஒட்டிய கன்னம், கையில் நீளமான நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடக் கொட்டகையில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தோம். துரைசாணி குழந்தையோடு நாற்காலியில் இருந்தார். ஆயா அவருக்குப் பின்னால் நின்றாள். மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் குடையோடு வந்து வாசலில் சாய்ந்துகொண்டார். அவருக்கு வேடிக்கை என்றால் போதும்.

மிஸ்ஸியம்மாவின் தமிழைக் கேட்டதும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். “பிள்ளைகளே, பயப்படாதிருங்கள். சமாதானமாய் உட்காருங்கள்” என்றார். முழுக்க முழுக்க வேதப் புத்தகத் தமிழ். கணக்கப்பிள்ளை என் காதில், “என்னா கிளாக்கர், அம்மா கோயில்ல இருந்து நேரா எறங்கி வந்தாப்ல இருக்கு?” என்றார்.

அவருடைய நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி கோடு போட்டிருந்தது. பிள்ளை சொன்ன வாக்கியம் முதல் பத்தியில். அதை எங்கே கேட்டது என்பது இரண்டாவதில். அங்கே அது யாருக்குச் சொல்லப்பட்டது என்பது மூன்றாவதில். எங்களுக்கு அதை விளக்கினார். பிழை கண்டுபிடிக்க வரவில்லை, ஒவ்வொரு வாக்கியமும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று அறியவே வந்திருப்பதாகச் சொன்னார். எனக்கு அது சரியாகப் புரியவில்லை. பிழை பார்க்காத பரீட்சை என்ன பரீட்சை?

முதலில் என் மகள். மிஸ்ஸியம்மா இங்கிலீஷில், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். என் மகள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னாள். அதை அப்படியே தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘ஐயா, தங்கள் கேள்வி தொடர்பாக, ரொட்டி இரண்டு நல்ல நிலையில் கிடைக்கப்பெற்றன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். “அரிசி மூட்ட வந்த கணக்கால்ல புள்ள சொல்லுது!”

“நான் ஐயா அல்லவே, மகளே” என்றார் மிஸ்ஸியம்மா.

“எல்லா லெட்டரும் அப்பிடித்தான் ஆரம்பிக்கும்” என்றாள் மகள். எங்கே கேட்டாய் என்ற கேள்விக்கு, “கேக்கல. எங்கப்பா எழுதுனதப் பாத்தேன்” என்றாள். யாருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டதற்கு, “கொழும்புத் தொரைமாருக்கு.”

“உன் தகப்பனார் வீட்டில் உன்னோடே இங்கிலீஷில் பேசுகிறதில்லையோ?”

“அப்பா பேச மாட்டாங்க. எழுதித்தான் குடுப்பாங்க.”

மூன்று பத்தியும் நிறைந்தன. போகட்டும், அடுத்தவள் வாயைத் திறந்ததும் இதெல்லாம் மறந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆயாவின் மகள் எழுந்து நடுவில் வந்தாள். மிஸ்ஸியம்மா நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்துப் பெஞ்சைக் கையால் தட்டி, சிரித்த முகத்தோடு, “கம் ஹியர், ஓல்ட் கேர்ள். சிட்” என்றாள்.

துரைசாணி “ஓ!” என்று ஒரு சத்தம் போட்டார். மிஸ்ஸியம்மாவின் பேனா நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

நடந்தது வேறு. மிஸ்ஸியம்மா நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு, நேரே வந்து, அந்தப் பெண் தட்டிய இடத்தில் உட்கார்ந்தார். “குட் கேர்ள்” என்றாள் இவள். மிஸ்ஸியம்மா சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, “என்னை அவ்விதமாய் அழைத்தவர் ஒருவர் இருந்தார். வெகு காலமாயிற்று” என்றார்.

நான் வெட்டிய குழியில் அவள் பூப்பறித்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த நிமிடத்தில் அந்தப் பத்து வயதுப் பிள்ளைமேல் எனக்கு வந்த பொறாமை அளவுக்கு வேறு எந்த மனிதர்மேலும், எனக்கு முன்னால் பதவி உயர்ந்தவர்கள்மேல்கூட, வந்ததில்லை.

“இதை எவரிடத்தில் கேட்டாய்?”

“தொரைகிட்டங்க.”

“அவர் எவருக்குச் சொன்னார்?”

“நாய்க்குங்க.”

கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். துரைசாணியும் சிரித்தார். மிஸ்ஸியம்மா சிரிக்காமல், “அப்படியானால் எனக்கு ஏன் சொன்னாய்?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது, மூன்றாவது பத்தி.

“நான் அய்யாகிட்டக் கேட்டேனுங்க, நாய்க்கு மட்டுமா, அம்மாமாருக்குமான்னு. பெரிய கிளாக்கரய்யா அப்பிடியே சொல்லுன்னாங்க.”

பெருமையோடுதான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

மிஸ்ஸியம்மா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஆராய்கிற கண். என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், அது நாய்க்குச் சொல்வது என்று உங்களுக்குத் தெரியாதா என்று. எழுதிக் கொண்டுவருகிறேன் என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “நோ மேடம்” என்றேன். தெரியாது என்று. இங்கிலீஷ் தெரியும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் வேறு பெருமை இல்லாத நான், கெட்டவன் என்று தெரிந்துவிடாமல் இருக்க, இங்கிலீஷ் தெரியாதவன் ஆனேன்.

அப்போது பெஞ்சிலிருந்து என் மகளின் குரல் வந்தது.

“மை ஃபாதர் நோஸ்.”

என் அப்பாவுக்குத் தெரியும். மூன்றே சொல். என் கடித நகல் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத வாக்கியம். அதை அவள் மிஸ்ஸியம்மாவைப் பார்த்துச் சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன், என் பக்கம் திரும்பவில்லை. அந்த ‘ஸ்’ மட்டும் சுத்தமாக, அழுத்தமாக, நான் படிப்பித்த மாதிரியே வந்து விழுந்தது. முன்னால் இல்லாதவர்களுக்கு வைக்கிற அடையாளம்.

மிஸ்ஸியம்மா அவள் பக்கம் திரும்பி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதினார். “இதை எவரிடத்தில் பெற்றாய், மகளே?” யாரிடமும் இல்லை என்று மகள் தலையை ஆட்டினாள். இரண்டாவது பத்தியில் மிஸ்ஸியம்மா ஒரு சிறு கோடு போட்டார். மூன்றாவதில் எழுதப் போய், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை வெறுமையாக விட்டார். கணக்கப்பிள்ளை தன் குடைப்பிடியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கூட்டம் கலைந்ததும் என்னிடம் ஓடிவந்தாள். “எம் புள்ள சொன்னதக் கேட்டு மிஸ்ஸியம்மா கண்ணுல தண்ணி விட்டாங்க, பாத்தீங்களா? எல்லாம் ஒங்களால சாமி.” அவள் மகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அந்த மூன்று சொல்லும் விளங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் போகும்போது மகள் எனக்கு முன்னால் நடந்தாள். வாசலில் என் மனைவி, “என்னங்க ஆச்சு? நம்ம புள்ள நல்லாச் சொன்னாளா?” என்று கேட்டாள்.

“நல்லாச் சொன்னா” என்றேன்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதையும் நான்தான் பிரித்தேன். விடுதி இடம் கிளாக்கரின் மகளுக்கு. எத்தனையோ தோட்டங்களில் கேட்டு எழுதியதில், எங்கேயும் கேட்காத, எங்கேயும் பார்க்காத ஒரு வாக்கியத்தைத் தானே கட்டிச் சொன்ன பிள்ளை இவள் ஒருத்திதான் என்று காரணம் எழுதியிருந்தார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. எதனால் கிடைத்தது என்பதைப் பெரிய எழுத்தில் என் கையிலேயே கொடுத்திருந்தார்கள்.

கீழே இன்னொரு வேண்டுகோளும் இருந்தது. அடுத்த வருடம் ஆயாவின் மகளையும் அனுப்ப முடியுமா? அதற்குள் அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிடலாம். துரை படித்துவிட்டு, குழந்தை அவளிடம் நன்றாகப் பழகிவிட்டது, துரைசாணிக்குச் சிரமமாக இருக்கும், முடியாது என்று மரியாதையாக எழுதிவிடு என்றார். அங்கே நின்றிருந்த நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். துரை கேட்டிருப்பார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். “வெரி வெல் சார்” என்றேன். ஆபீசுக்கு வந்து, வருந்துகிறோம் என்ற கடிதத்தை எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

மகளை வண்டியேற்றிய அன்று, எனக்கு என்ன தோன்றியதோ, அவளிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினேன். மறக்காமல் எழுது என்று. முதல் தடவையாக. அவள் வண்டிக்குள்ளிருந்து, “சரிப்பா. போயிட்டு வாறேன்” என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் அவள் இங்கிலீஷ் பேசியதில்லை.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. என் மகள் அதே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். மிஸ்ஸியம்மா இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பேசிப் பேசியே படிப்பிக்கும் முறையை அங்கே கொண்டுவந்திருக்கிறார். அதில் என் மகள் கைதேர்ந்தவள் என்று சொல்கிறார்கள். பூனாகலைக் கல்யாணப் பேச்சை என் மனைவியே நிறுத்திவிட்டாள். ஒரு தகப்பனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

விடுமுறைக்கு வந்தால் அவள் முதல் நாள் எங்களோடு இருப்பாள். இரண்டாம் நாளிலிருந்து, வீட்டு வேலை முடிந்ததும், சிலேட்டை எடுத்துக்கொண்டு பங்களாவின் பின்படிக்குப் போய்விடுவாள். முதல் விடுமுறையிலேயே தொடங்கியது இது. ஆயாவின் மகளை நம் வீட்டுக்கு வரச் சொல்லேன் என்று ஒருமுறை சொன்னேன். “அவ வர மாட்டாப்பா” என்றாள். அந்தப் பெண் இப்போது வாசிக்கிறாள், எழுதுகிறாள். துரைசாணியின் பழைய புத்தகங்களை வாங்கிப் படிக்கிறாளாம். ஆனால் இன்னும் ஆயா வேலைதான்.

சென்ற வாரம் கடிதங்களில் கையெழுத்து வாங்கப் போனேன். பழுப்பு நாய் செத்துப்போய் வருடங்களாகிவிட்டன. அதன் குட்டி ஒன்று படியில் படுத்திருந்தது. இரண்டு பெண்களும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். வேகமாக, ஒருத்தி பேச்சில் மற்றவள் புகுந்து, பாதியில் சிரித்துக்கொண்டு. சமையற்கட்டுச் சுவரோரம் நின்று கேட்டேன். சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்தான். தனித்தனியாக எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். சேர்ந்து வரும்போது என்னைத் தாண்டிப் போய்விட்டன. ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த ‘ஸ்’. யாரோ ஓர் அவனைப் பற்றி, அல்லது அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாய் என் பக்கம் திரும்பி உறுமியது. இருவரும் எழுந்தார்கள்.

“வாங்கப்பா” என்றாள் மகள்.

“வாங்கய்யா” என்றாள் மற்றவள்.

“என்னா பேசிக்கிட்டிருந்தீங்க?”

“சும்மாப்பா” என்றாள்.

நான் கடிதங்களை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போனேன். கதவு சாத்துவதற்குள் அவர்கள் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள்.